தெரிந்ததைத் தெரியாத மாதிரி நடி!

ஒரே யோசனைதான். அதை முதலில் சொன்ன பெண்ணுக்குத் தண்டனை கிடைத்தது. இரண்டு சுற்று கழித்து அதையே செய்த எனக்குப் பரிசு கிடைத்தது. பரிசை வாங்கிக்கொண்டு நானும் ஈயென்று பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பல்லிளிப்புக்குப் பிராயச்சித்தம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே காணாமல் போகிறேன் என்று என் வகுப்பு மக்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் ஒரு சின்ன அறிமுகம். (தெரிந்தவர்கள் இரண்டு பத்தியைத் தாண்டிக் குதிக்கலாம்.)

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-இல் வெளியிட்டது. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவோம். ஆளுக்கு ஒரு கேரக்டர். (பாத்திரம் என்று எழுதினால் சாம்பார் வைக்கிற ஞாபகம் வருகிறது, அதனால் கேரக்டரே இருக்கட்டும் :-)) ஒருத்தர் மட்டும் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். அந்த உலகம், அதன் மழை வெயில், ஊர்க்காரர்கள், ராட்சசர்கள் எல்லாம் அவர்தான். "எதிரே ஒரு உடைந்த பாலம். என்ன பண்றீங்க?" என்று கேட்பார். நாம் சொல்லுவோம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் 20 முகம் உள்ள டைஸை உருட்டுவோம். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரின் முதல் எபிசோடில் பையன்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கத்துவார்களே, அதேதான்.

இந்த விளையாட்டில் ஒரு பெரிய பாவம் உண்டு. பெயர் மெட்டாகேமிங். ஆட்டக்காரருக்குத் தெரிந்த விஷயத்தை, அவருடைய கேரக்டருக்கும் தெரியும் என்பது போல் பயன்படுத்துவது. எனக்கு பி.காம். தெரியும், என் கேரக்டரான காட்டுவாசிக்குத் தெரியாது. ஆகவே அவன் புதையலுக்கு டபுள் என்ட்ரி போட்டு கணக்கு எழுதக்கூடாது. கேட்க நியாயமாக இருக்கிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

இப்போது கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

ஒரு நண்பனின் வீட்டு மாடி அறை. எங்கள் டிஎம் ஒரு சீனியர். புதிதாகச் சேர்ந்திருந்தாள் ஒரு முதலாம் ஆண்டு மாணவி. அவளுடைய கேரக்டர், மலையில் ஆடு மேய்க்கும் ஒரு பெண். எழுதப் படிக்கத் தெரியாது. அன்றைக்கு எங்கள் வழியில் ஒரு ட்ரோல் வந்தது. நெட்டில் வம்பிழுக்கிற ட்ரோல் இல்லை. பச்சையாக, உயரமாக, வெட்ட வெட்ட வளரும் ராட்சசன். 2014-இல் வந்த விதிப்புத்தகத்தின்படி ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு 10 உயிர்ப் புள்ளிகள் திரும்ப முளைக்கும். நெருப்போ அமிலமோ பட்டால் மட்டும் அந்த ஒரு சுற்றுக்கு முளைக்காது. எரியும் தீப்பந்தத்தால் அடித்தால் நெருப்புச் சேதம் 1 புள்ளிதான். ஆனால் முளைப்பதை நிறுத்த அந்த 1 புள்ளியே போதும்.

முதல் சுற்று. அவள் முறை வந்தது. "தீப்பந்தத்தை எடுத்து அது மூஞ்சியில குத்துறேன்ணா."

டிஎம் நிமிர்ந்து பார்த்தார். "நெருப்புன்னா அதுக்கு ஆகாதுன்னு உன் கேரக்டருக்கு எப்படிம்மா தெரியும்?"

"புக்ல படிச்சேன்ணா."

"நீ படிச்சே. ஆடு மேய்க்கிற பொண்ணு படிச்சாளா?"

மேஜையே சிரித்தது. நானும்தான். தீப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பு. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அவள் முழிக்க, அவளுடைய முறை வீணாய்ப் போயிற்று. அடுத்தது நான். எனக்கும் நெருப்பு விஷயம் நன்றாகத் தெரியும், மூன்று வருஷமாக ஆடுகிறேன். ஆனால் நான் விவரமானவன் ஆயிற்றே! வாளால் வெட்டினேன். "அய்யோ, காயம் மூடிக்குதே!" என்று அலறினேன். இரண்டாவது சுற்றிலும் வெட்டினேன், அலறினேன். அந்த இரண்டாவது சுற்றில் ட்ரோல் ஆட்டுக்காரப் பெண்ணை அடித்துக் கொன்றது. மூன்றாவது சுற்றில் நான் "கால் இடறி" விளக்கை ட்ரோல் மேல் கவிழ்த்தேன். "அட! நெருப்புன்னா பயப்படுதே!" என்று கண்டுபிடித்தேன். டிஎம் முகமெல்லாம் மலர்ந்து, "இதுதான்டா ரோல்பிளே" என்று சொல்லி எனக்கு இன்ஸ்பிரேஷன் கொடுத்தார். நன்றாக நடித்தவர்களுக்குக் கொடுக்கும் போனஸ் அது.

அவள் கேரக்டர் ஷீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

கொசுவத்தி முடிந்தது. இனி சண்டை.

என் முதல் கேள்வி. நான் இரண்டு சுற்று வெட்டினேன். ஏன் இரண்டு? ஏன் ஒன்று இல்லை, ஏன் ஐந்து இல்லை? எந்த விதிப்புத்தகத்தில் "தெரியாத மாதிரி நடிக்க வேண்டிய சுற்றுகள்: 2" என்று இருக்கிறது? எங்கேயும் இல்லை. இரண்டு சுற்று நடித்தால் டிஎம் நம்புவார், மூன்றாவதுக்கு மேல் தாமதித்தால் நாம் செத்துவிடுவோம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை என் கேரக்டர் போடவில்லை, நான் போட்டேன். விடை தெரிந்ததால்தான் போடவே முடிந்தது. அதாவது மெட்டாகேமிங்கைத் தவிர்ப்பதற்காக நான் செய்ததும் சுத்தமான மெட்டாகேமிங்! அவள் தெரிந்ததை வைத்து நேராகச் செய்தாள். நான் தெரிந்ததை வைத்து நாடகம் போட்டேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

நெருப்பு என்று நிஜமாகவே தெரியாத ஒருத்தன் முதல் சுற்றிலேயே தற்செயலாகத் தீப்பந்தத்தை எடுக்கலாம். அவனை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தெரிந்தவன் மட்டும் எடுக்கக்கூடாது. ஆக, இந்தச் சட்டம் செயலைத் தண்டிக்கவில்லை. படித்ததைத் தண்டிக்கிறது. புது ஆளாக வந்து, ஒழுங்காக ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டு, புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டு வந்ததுதான் அவள் செய்த குற்றம்.

இங்கே என் காமர்ஸ் மூளை விழித்துக்கொள்கிறது. பதினொன்றாம் வகுப்பு கணக்குப்பதிவியலில் வணிகத் தனித்தன்மை என்று படித்திருப்பீர்கள். முதலாளி வேறு, கடை வேறு. கல்லாவிலிருந்து சொந்தச் செலவுக்கு 500 ரூபாய் எடுத்தால் அது எடுப்பு. கம்பெனி சட்டத்தில் இதன் பெரியண்ணன், 1897-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த சாலமன் வழக்கு. செருப்பு, பூட்ஸ் தொழில் செய்த சாலமன் வேறு, அவர் ஆரம்பித்த கம்பெனி வேறு. ஆட்டக்காரன் வேறு, கேரக்டர் வேறு என்பவர்கள் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தீர்ப்பு கடனைப் பிரித்தது, சொத்தைப் பிரித்தது. சாலமனின் தலையைப் பிரிக்கவில்லை. "முதலாளியாக உமக்குத் தெரிந்ததைக் கம்பெனியின் இயக்குநராக மறந்துவிடும்" என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. கணக்குப் புத்தகம் இரண்டாக இருக்கலாம், எழுதுகிற கை ஒன்றுதான்.

தெரிந்தவனை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பங்குச் சந்தை ஏற்கெனவே விடை கண்டுபிடித்துவிட்டது. செபியின் 2015-ஆம் வருட இன்சைடர் டிரேடிங் விதிமுறைகள், கம்பெனியின் வெளிவராத முக்கியத் தகவல் கையில் இருக்கிறவரைப் பார்த்து, "தெரியாத மாதிரி நடித்துக்கொண்டு பங்கு வாங்கு" என்று சொல்லவில்லை. தகவல் கையில் இருக்கும்போது வாங்கினால், அந்தத் தகவலால்தான் வாங்கினாய் என்றே அனுமானிக்கின்றன. "தெரியும் சார், ஆனா அதை மனசுல வச்சுக்காமதான் வாங்கினேன்" என்ற கதை அங்கே எடுபடாது. மனிதனால் அது முடியாது என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. அதனால் இருப்பது இரண்டே வழி. ஒன்று, வியாபாரம் செய்யாதே. இரண்டு, தகவல் ஊருக்கே தெரியும் வரை காத்திரு. காலாண்டு முடிவுகள் வெளிவந்து 48 மணி நேரம் வரை உள்ளே இருப்பவர்களுக்கு டிரேடிங் விண்டோவை மூடி வைப்பது இதற்காகத்தான்.

"அப்போ செபி அந்தப் பெண்ணைத்தானே பிடிக்கும்?" என்று கேட்கத் துடிக்கிறவர்களுக்கு: முதல் வழி மேஜையில் செல்லாது. எதிரே ட்ரோல் நிற்கும்போது "நான் இந்தச் சுற்றுக்கு விண்டோவை மூடிக்கிறேன்" என்று உட்கார்ந்தால் கேரக்டர் செத்துப்போகும். (செத்தும் போனது.) அப்புறம் மீதி இருப்பது இரண்டாவது வழிதான். தகவலைப் பொதுவில் போட்டு உடைத்துவிடுவது. அதைச் செய்யும் அதிகாரம் டிஎம் கையில்தான் இருக்கிறது. "சரி, ட்ரோல் நெருப்புக்குப் பயப்படும்னு இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும்" என்று ஒரு வாக்கியம். முடிந்தது பிரச்சினை.

இப்போது அந்த ஆட்டுக்காரப் பெண்ணிடம் வருவோம். எழுத்தறிவு இல்லாதவள், அதனால் அவளுக்குத் தெரியாதாம். என்னே ஒரு கண்டுபிடிப்பு! ஆடு தின்கிற ராட்சசர்கள் இருக்கும் மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு ட்ரோல் பற்றித் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நகரத்தில் உட்கார்ந்து ஏடு புரட்டும் மந்திரவாதிக்கா? பாம்பு பற்றி ஊரில் படிக்காத கிழவிக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது. எந்தப் பாம்பு வீட்டுக்குள் வரும், எங்கே சுருண்டு கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். உயிர் போகிற விஷயம் வாய்வழியாகத்தான் பரவும், புத்தகம் தேவையில்லை. டிஎம் சந்தேகப்பட்டிருந்தால், ஒரு டைஸ் உருட்டச் சொல்லியிருக்கலாம். இந்த விளையாட்டில் கேரக்டருக்கு ஒன்று ஞாபகம் வருகிறதா என்று பார்க்கவே அறிவுத் திறனை வைத்து உருட்டும் வழி இருக்கிறது. அவர் உருட்டச் சொல்லவில்லை. கேள்வி கேட்ட விதத்திலேயே தீர்ப்பு இருந்தது.

அடுத்தது வரலாறு. ட்ரோலின் நெருப்பு ரகசியம் யாருடையது? 1974-இல் வந்த முதல் பதிப்பிலேயே அது அச்சாகிவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன ரகசியம்! அதுவும் கைகாக்ஸ் தானாக யோசித்ததில்லை. பால் ஆண்டர்சன் எழுதிய 'த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்' நாவலில் வெட்டினாலும் துண்டுகள் ஒட்டிக்கொண்டு எழும் ட்ரோல் வருகிறது, அதை நெருப்புதான் முடிக்கிறது. அந்த நாவலை, 1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடின் பின்னிணைப்பில் படிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியலில் கைகாக்ஸே சேர்த்திருக்கிறார். தமாஷ் என்னவென்றால், அதே கைடின் முன்பக்கங்களில், இந்தப் புத்தகத்தை வைத்திருக்கும் சாதாரண ஆட்டக்காரன் மரியாதையான சாவுக்குக்கூடத் தகுதியில்லாதவன் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். ஒரு கையால் படி என்கிறார், இன்னொரு கையால் படித்தால் உதை என்கிறார். எங்கள் டிஎம்முக்கு இரண்டாவது கை மட்டும் வாரிசாகக் கிடைத்திருக்கிறது.

அதே கைகாக்ஸ் 1975-இல் ஆரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்காக 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற ஒரு கல்லறையைக் கட்டினார். 1978-இல் புத்தகமாக வந்தது. பொறிகளால் நிரம்பியது. சுவரில் ஒரு பச்சைப் பிசாசு முகம் வாயைத் திறந்து வைத்திருக்கும், உள்ளே நுழைந்தவன் இல்லாமலே போய்விடுவான். அங்கே கேரக்டரின் வாள்பலத்தைவிட ஆட்டக்காரரின் மூளைதான் காப்பாற்றும். முன்னால் ஆடிய ஆட்டங்களில் பட்ட அடியெல்லாம் அங்கே மூலதனம். ஆக, ஆட்டக்காரரின் அறிவுதான் இந்த விளையாட்டின் முதல். அதைப் பாவம் என்று மாற்றியது பிற்பாடு வந்த பழக்கம்.

இன்னொன்று. இந்தச் சட்டம் ஒரு பக்கம் மட்டும் வெட்டும் கத்தி. யோசித்துப் பாருங்கள். ஒருவனுடைய கேரக்டர் செத்துப்போகிறது. அடுத்த காட்சியில் சத்திரத்து மூலையில் முக்காடு போட்ட முன்பின் தெரியாத ஆள் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். நாம் என்ன செய்வோம்? "வாப்பா, எங்களோட வா, ராத்திரி காவலுக்கு நீ இரு, புதையல்ல பங்கும் தரோம்" என்போம். எதற்கு? அது நம் நண்பனின் புது கேரக்டர் என்று நமக்குத் தெரியும். கேரக்டர்களுக்குத் தெரியுமா? தெரியாது. இதைவிடப் பச்சையான மெட்டாகேமிங் உண்டா? ஆனால் எந்த டிஎம்மும் இதற்குத் தடை போட்டதில்லை. ஏனென்றால் இது அவருக்கு வசதி. டிஎம் கதையை நகர்த்துகிற மெட்டாகேமிங் நல்ல பழக்கம், டிஎம்மின் ராட்சசனைச் சீக்கிரம் கொல்கிற மெட்டாகேமிங் கெட்ட பழக்கம். வரவை மட்டும் எழுதி, செலவை எழுதாத கணக்குக்கு ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார்.

சரி, எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்வோம். டிஎம் நடத்தப்போகும் கதைப் புத்தகத்தை முன்கூட்டியே படித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வந்து, மூன்றாவது கதவின் பின்னால் புதையல் என்று நேராகப் போகிறவன் இருக்கிறான். அவன் செய்வது மோசடி. ஆனால் அங்கே தப்பு மெட்டாகேமிங் இல்லை, மறைத்தது. "அண்ணா, இதை நான் படிச்சிருக்கேன்" என்று சொல்லியிருந்தால் வேறு கதை ஆடியிருக்கலாம். நம் பெண் எதையும் மறைக்கவில்லை. கேட்டவுடன் "படிச்சேன்" என்றாள். மறைத்தது நான்.

"எல்லாம் தெரிஞ்சா த்ரில் எங்கே இருக்கு?" என்பது அடுத்த வாதம். 2015-இல் ஸ்டீஃபன் டூயி வெளியிட்ட 'டென் கேண்டில்ஸ்' என்ற விளையாட்டில் கடைசியில் எல்லா கேரக்டர்களும் செத்துவிடுவார்கள் என்று ஆட்டம் ஆரம்பிக்கும்போதே எல்லோருக்கும் தெரியும். 1981-இல் வந்த 'கால் ஆஃப் கதுல்ஹு'வில் பாழடைந்த வீட்டின் நிலவறைக்குள் போனால் புத்தி பேதலிக்கும் என்று அட்டையைப் பார்த்தாலே தெரியும். தெரிந்துதான் இறங்குகிறோம். தெரிந்து இறங்குவதில்தான் அந்த அடிவயிற்றுச் சில்லிப்பே இருக்கிறது. நம் ஆள் படியில் கால் வைக்கிறான், வேண்டாம்டா என்று மனசுக்குள் கத்திக்கொண்டே நாமே அவனை இறக்குகிறோம். ஒரே ஒரு ரகசியம் தெரிந்தவுடன் காற்றுப் போன பலூனாகும் சண்டை என்றால், குறை படித்தவள்மீது இல்லை, சண்டையை அமைத்தவர்மீதுதான். உங்களுக்கு ஆச்சரியம் வேண்டுமா? ட்ரோலை மாற்றுங்கள். நெருப்புக்குப் பதில் உப்பு என்று வையுங்கள். அது டிஎம்மின் உரிமை, யாரும் தடுக்கவில்லை. பழைய வினாத்தாளையே கொடுத்துவிட்டு, விடை தெரிந்தவனை காப்பியடித்தான் என்று பிடிக்காதீர்கள்.

கவனியுங்கள், அந்த நிலவறைப் படியில் இறங்குவதும் தெரிந்ததைத் தெரியாத மாதிரி நடிப்பதுதான். அதை நான் வெறுக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான். ஆனால் அது நன்கொடை. ஆட்டக்காரர் விரும்பி மேஜைக்குக் கொடுப்பது. நன்கொடையை வரியாக்கி, கட்டாதவர் மேல் அபராதம் போட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று காமர்ஸ் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் பொய்க் கணக்கு எழுத ஆரம்பிப்பார்கள். நான் எழுதியது அதுதான். நன்றாகப் பொய்க் கணக்கு எழுதியதற்கு எனக்குப் போனஸ். உண்மைக் கணக்கைக் காட்டியவளுக்கு அபராதம். இந்தப் பாடத்தை ஒரு மேஜை ஒருத்திக்குக் கற்றுக்கொடுத்தது, நான் அந்த மேஜையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் டிஎம்மிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டார். "நீ சொல்றது புரியுதுடா, ஆனா இதை விட்டா எல்லாரும் புக்கை மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க" என்றார். வரட்டுமே அண்ணா! ஒரு விளையாட்டுக்காக 300 பக்கம் இங்கிலீஷ் புத்தகத்தை ஒருத்தர் படித்துவிட்டு வருவது நமக்குக் கிடைத்த வரமில்லையா? அவர் பதில் சொல்லவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அவளுக்கும் எழுதினேன். "உன் தீப்பந்தம் சரி. நான்தான் நடிச்சேன், ஸாரி" என்று. ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது. "பரவால்லண்ணா. இன்டர்னல்ஸ் இருக்கு, அப்புறம் பாக்கலாம்." இன்டர்னல்ஸ் முடிந்து பத்து நாள் ஆகிறது என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இந்த இடத்தில் மட்டும் நான் தெரியாத மாதிரியே இருந்துவிட்டேன்.

வரும் ஞாயிறு டிஎம் ஊருக்குப் போகிறார். அன்றைக்கு நான் நடத்துகிறேன். ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டு வைக்கிறேன். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னால் நான் சொல்லப்போகும் முதல் வாக்கியம் இதுதான்: "மக்களே, இந்த மலையில ட்ரோல் இருக்கு. அதுக்கு நெருப்புன்னா ஆகாது. இது ஆடு மேய்க்கிறவங்க எல்லாருக்கும் தெரியும். இப்ப சொல்லுங்க, என்ன பண்றீங்க?"